பொம்மியைச் சொன்ன வார்த்தை

உன்ற நாய்க்குட்டிக்கு எத்தனை மாசம் ஆகுது கண்ணு? எட்டா? இன்னும் ஹீட்டுக்கு வரலையே? அப்படீன்னா டாக்டரம்மா குடுத்த தேதிக்கே ஆபரேசனைப் பண்ணிப்போடு. தள்ளிப் போடாதே. ‘ஒருக்கா குட்டி போடட்டும், அப்பறம் பண்ணிக்கலாம்’னு உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் சொல்லுவாங்க. கேக்காதே. சொல்றவங்க நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க. நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

இப்படித் தள்ளி நெழல்ல உக்காரு. நம்ம டோக்கன் வர நேரமாகும், முன்னால எருமை மூணு நிக்குது, ஆடு வேற. மாட்டாஸ்பத்திரியில மாட்டைப் பாத்தப்பறம்தான் நாய். பயப்படாதே, இவ கடிக்க மாட்டா. பொம்மி, படு. இவளுக்கு ஆறு வயசாச்சு. லேப்ரடார்தான், கொஞ்சம் எடை போட்டுட்டா. அந்த ஆபரேசன் பண்ணினா எடை ஏறும், உனக்கும் சொல்லுவாங்க, சோத்தை அளந்து வையி. ஆமா, இவளுக்கும் அதே ஆபரேசன்தான். நீ பண்ணப் போறாப்பல நல்லா இருக்கறப்பப் பண்ணலை. சாகக் கெடந்தப்பப் பண்ணினது.

அன்னையில இருந்துதான் என்ற பொண்ணு எங்கூடப் பேசறதில்லை.

ஒரு நாய்க்காகப் பெத்த தாய்கிட்டப் பேசாம இருப்பாங்களா? நீயே சொல்லு.

நான் துளசிமணி. இங்க கோபியிலதான், வாய்க்கால் ரோட்டுல வீடு. எங்க வீட்டுக்காரரு கரண்டாபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒரே பொண்ணு, பூர்ணிமா. கோயமுத்தூர்ல இருக்கறா, அவளும் மாப்பிள்ளை ரகுநாத்தும் ஒரே கம்பெனியில வேலை. கல்யாணமாகிப் பத்து வருசம் ஆகுது. கொழந்தை இல்லை. அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை அவளைக் கேட்டதில்லை கண்ணு. மத்த தாய்மாருங்க மாதிரி நான் நச்சரிச்சதே இல்லை. மாசம் பொறந்தா ‘என்ன கண்ணு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டியா’ன்னு மட்டும் கேப்பேன். கோயிலுக்குப் போனா துன்னூறு அனுப்புவேன். சத்தியமங்கலத்துல ஒருத்தரு மருந்து குடுக்கறாருன்னாங்க, வாங்கிப் பார்சல் போட்டேன். அவ்வளவுதான். வாயத் தொறந்து எதையும் கேட்டதில்லை.

இந்தப் பொம்மி அவ வாங்கின நாய். குட்டியில வாங்கி ரெண்டு வருசம் வளத்தினா. அப்பறம் கொழந்தைக்கு வைத்தியம்னு ஆரம்பிச்சாங்க. தெனமும் ஊசி, வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்கேனு. மூணாவது மாடி வீடு, நாயைக் கீழ கூட்டிட்டுப் போக ஆளில்லை. ‘கொஞ்ச நாளைக்கு வச்சுக்கம்மா, எல்லாம் முடிஞ்சதும் கூட்டிக்கறேன்’னு கொண்டாந்து விட்டா. எனக்கு நாய்னாலே ஆகாது. வீடெல்லாம் முடி. ஆனாப் பாரு, நாலு வருசம் ஆச்சு, இப்ப இவ இல்லாம எனக்குச் சோறு எறங்காது.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஹீட்டுக்கு வருவா. கேட்டுக்கு வெளிய தெருவுல இருக்கற கடுவன் நாயெல்லாம் வந்து காவல் கெடக்கும். இங்க டாக்டரம்மாகிட்ட ஊசி போட வந்தப்பெல்லாம் சொன்னாங்க. ‘குட்டி வேண்டாம்னா கருப்பையை எடுத்துருங்கம்மா, இல்லாட்டி வயசாக வயசாகச் சீழ் பிடிக்கும், மடியில கட்டி வரும்’னாங்க. பூர்ணியும் போன்ல பேசறப்பெல்லாம் அதையே கேட்டா. ‘பண்ணிட்டியா, பண்ணிட்டியா’. நான் சரி சரிம்பேன், பண்ண மாட்டேன்.

எனக்கு மனசு வரலை கண்ணு. பொட்டையாப் பொறந்த உசிரு, ஒருக்காவாச்சும் தாயாக வேண்டாமா? அதுக்கு முந்தி அறுத்துப் போட்டா பாவமில்லையா? இதுதான் என்ற நெனப்பு. குட்டி போட்டாத்தான் ஒடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. டாக்டரம்மா மட்டும், ‘அதெல்லாம் சும்மா சொல்றதும்மா, ஒருக்கா போட்டாலும் போடாட்டியும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லை’ன்னாங்க. சின்ன வயசு டாக்டர். அவங்களுக்கென்ன தெரியும்னு நெனச்சேன்.

போன வருசம் ஆவணி மாசம், எங்க தெருக் கடைசியில பல்லு டாக்டர் ஒருத்தரு, அவரு வீட்டு லேப்ரடாரோட இவளைச் சேத்தி உட்டோம். ரெண்டு மாசம் போச்சு. தீவாளி சமயம், இவ நடவடிக்கையே மாறிப்போச்சு. காம்பெல்லாம் பெருத்துப் பால் கசியுது. கட்டிலுக்கு அடியில பழைய துணியெல்லாம் இழுத்துட்டுப் போயி மெத்தை கட்டறா. எங்க வீட்டுக்காரரு செருப்பு ஒண்ணு, அதைத் தூக்கிட்டுப் போயி மடிகிட்ட வச்சுக்கிட்டு நக்கறா. செருப்பை எடுக்கப் போனா உறுமறா. எனக்குச் சந்தோசம் தாங்கலை. ராகிக் கூழு, முட்டை, ஈரல்னு ஆக்கிப் போட்டேன். தெரு பூராச் சொல்லிட்டேன். பூர்ணிக்கும் போன் போட்டு, ‘நம்ம பொம்மியே முழுகாம இருக்கறா கண்ணு’ன்னேன். அவ ‘அப்படியா’ன்னு கேட்டுட்டு, ஆபீசுல கூப்பிடறாங்கன்னு வச்சுட்டா.

கடைசியில பாத்தா ஒண்ணுமில்லை. டாக்டரம்மா வயித்தைத் தடவிப் பாத்துட்டு ஈரோட்டுக்கு ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாங்க. ஒரு குட்டி கூட இல்லை. பொய்ச் சினையாம். சில நாய்க்கு அப்படி வருமாம், வயித்துல ஒண்ணும் இல்லாமலே பால் சுரக்குமாம், எதையாச்சும் குட்டின்னு நெனச்சு வச்சுக்குமாம். ‘பாலைப் பீச்சி உடாதீங்க, மடியைத் தொடாதீங்க, சோத்தைக் குறைங்க, தானா வத்திரும். வத்தினதும் ஆபரேசனைப் பண்ணிருங்க, திரும்பத் திரும்ப இப்படி வர்றது நல்லதில்லை’ன்னாங்க. நான் அந்தச் செருப்பை எடுத்து ஒளிச்சு வச்சேன். இவ மூணு நாள் வீடெல்லாம் தேடினா. மோப்பம் புடிச்சுட்டு ஒவ்வொரு ரூமாப் போறா, வர்றா. எனக்கு வெசனமாப் போச்சு. அடுத்த தடவை எப்படியாச்சும் இவளுக்கு ஒரு குட்டியைக் கண்ணுல காட்டிரோணும்னு நெனச்சேன். தப்பா?

பொங்கல் நோம்பிக்குப் பூர்ணி வந்திருந்தா. மாப்பிள்ளை வரலை, தனியா வந்தா. ஆள் வெளுத்து எளைச்சிருந்தா. ஆபீஸ் வேலை எச்சுன்னு நெனச்சேன். ரெண்டு நாளும் என்ற பின்னாலயே சமையக்கட்டுல வந்து நின்னுட்டிருந்தா. என்ன வேணும்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பா. மூணாம் நாள் சோறு உங்கறப்பப் பொம்மி பேச்சை எடுத்தா. ‘ஏம்மா இன்னும் ஆபரேசன் பண்ணலை, அதையெதுக்கு இப்படிக் கஷ்டப்படுத்தறே’ன்னா. நான் ஒரு வேகத்துல சொல்லிட்டேன்.

‘கருப்பையை எடுத்துப்போட்டா அப்பறம் அது என்ன பொட்டைப் பொறப்பு? தின்னுபோட்டுப் படுத்துக் கெடக்கற வெறுங்கட்டை’ன்னேன்.

நாயைச் சொன்னேன். பொம்மியைத்தான் சொன்னேன். அவ தட்டை எடுத்துட்டு எந்திரிச்சுட்டா. தட்டுல பாதிச் சோறு இருந்துச்சு, கொண்டு போயிக் கழுவி வச்சுட்டா. மறுநாள் காலை வரைக்கும் இருக்கறேன்னவ, அன்னைக்குச் சாயந்தரமே கெளம்பிட்டா.

அப்பறம் மாசியில மறுபடியும் பொம்மி ஹீட்டுக்கு வந்தா. மறுபடியும் பல்லு டாக்டர் வீட்டு நாய். பூர்ணிகிட்டச் சொல்லலை. ஒண்ணரை மாசத்துல இவளுக்கு வயிறு பெருத்துச்சு. இந்தத் தடவை சினைதான்னு எனக்கு நிச்சயமாத் தோணுச்சு. தண்ணியாக் குடிச்சா. சட்டி சட்டியாக் குடிச்சா, ராத்திரி வீட்டுக்குள்ளயே மூத்திரம் போயிட்டா, என்னைக்கும் அப்படிப் பண்ணாதவ. வெயில் காலம், வயித்துல குட்டி, தாகம் எடுக்காதான்னேன். சோறு எடுக்கலை. மசக்கைன்னேன். வாந்தி எடுத்தா. ஓமத்தண்ணி குடுத்தேன், சீரகத்தண்ணி குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவை சொன்னாரு, ‘துளசி, டாக்டர்கிட்டக் காட்டிரலாம், நாய் எந்திரிக்கவே மாட்டீங்குது’ன்னு. அவருகிட்ட, ‘உங்களுக்கென்ன தெரியும், நீங்க பெத்தீங்களா’ன்னு கேட்டேன். நாலு நாள் இப்படிப் போச்சு.

அஞ்சாம் நாள் சனிக்கெழமை. எங்க வீட்டுக்காரரு எனக்குத் தெரியாம போன் பண்ணிட்டாரு போல, பத்து மணிக்கெல்லாம் பூர்ணி கார்ல வந்து நின்னா. நேரா பொம்மிகிட்டப் போயி உக்காந்தா. ஒதட்டைத் தூக்கி ஈறைப் பாத்தா. வயித்துல கைய வச்சா, இவ முனகினா. என்னை ஒரு பார்வை பாத்தா கண்ணு, திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. இருவத்தெட்டுக் கிலோ நாயைத் தனியாத் தூக்கினா. தூக்கறப்ப அவ மூஞ்சி சுண்டிப்போச்சு, ஒரு கைய அடிவயித்துல வச்சுக்கிட்டா. நாய் கனம்னு நெனச்சேன். கார்ல போட்டு ஈரோட்டுக்கு ஓட்டினா. நான் பின்னால பொம்மி தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அங்க ஒரு டாக்டர், நாய்க்கு மட்டும் தனியா ஆஸ்பத்திரி வச்சிருக்கறாரு. ஸ்கேன் பாத்துக்கிட்டே கேட்டாரு. கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு, தண்ணி எச்சாக் குடிச்சுதா, எத்தனை நாளா சாப்பிடலைன்னு. நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லப் பூர்ணி என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. டாக்டர் சொன்னாரு, கருப்பை பூராச் சீழாம். ‘நீங்க இப்பச் சொன்னதெல்லாமே அதுக்கு அடையாளம்ங்கம்மா. ஹீட்டு முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல தண்ணியாக் குடிச்சு, சோறு எடுக்காமப் படுத்தா அன்னைக்கே தூக்கிட்டு வரோணும். சீழ் வெளிய வந்தாலாச்சும் கண்ணுல படும். இதுக்குக் கருப்பை வாய் மூடிக்கிச்சு, உள்ளயே தேங்கி ரத்தத்துல கலக்குது. இன்னைக்கே எடுத்தாகோணும், நாளைக்கு இருக்காது’ன்னாரு.

ஒரு பாரத்தைக் குடுத்துக் கையெழுத்துக் கேட்டாங்க. நாய் எங்கிட்டத்தானே இருக்குது, எங்கிட்டக் குடுத்தாங்க. பேனாவைக் கையில புடிச்சுட்டேன், கையெழுத்து வர மாட்டீங்குது. ‘எடுக்காம, உள்ள கழுவி உட முடியாதுங்களா’ன்னு டாக்டரைக் கேட்டேன். இன்னொரு தடவை பாக்கலாமேன்னு ஒரு நப்பாசை. பூர்ணி பேனாவை என்ற கையில இருந்து புடுங்கினா. அவ போட்டா கையெழுத்து.

ரெண்டு மணி நேரம். நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன், அவ தரையில சுவத்தோட சாஞ்சு உக்காந்திருந்தா. பக்கத்துல வந்து உக்காருன்னேன், வரலை. டாக்டர் வந்து பொழைச்சிரும்னு சொல்லிட்டு, எடுத்ததை ஒரு தட்டுல வச்சுக் காட்டினாரு. நான் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ரெண்டு சொரக்காயைச் சேத்தி வச்சாப்பல இருந்துச்சு. ஒண்ணரைக் கிலோவாம். பூர்ணி திரும்பிக்கலை. பாத்துட்டே நின்னா.

‘இதை வச்சுக்கிட்டு எப்படி டாக்டர் நடமாடுச்சு? வலிச்சிருக்காதா?’ன்னா.

‘வலிச்சிருக்கும்ங்க. நாய் காட்டிக்காது’ன்னாரு அவரு.

அவ போயிக் கொழாயடியில மூஞ்சி கழுவினா. அத்தனை நேரம் யாரும் மூஞ்சி கழுவ மாட்டாங்க.

நாயை ரெண்டு நாள் அங்கயே வச்சு குளுக்கோஸ் ஏத்தோணும்னுட்டாங்க. சாயந்தரம் என்னைக் கொண்டாந்து விட அவதான் காரோட்டினா. கவுந்தப்பாடி வந்துருச்சு. எனக்கு மனசு ஆறலை. நான் பாட்டுக்குப் பொலம்பிட்டு வந்தேன், எத்தனை ஆசையா இருந்தேன், எல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சேன்னு. அவ ரோட்டோரமா காரை நிறுத்திட்டா. முன்னால பாத்துட்டே கேட்டா.

‘ஏம்மா, கருப்பை இல்லீன்னா அவ பொம்மி இல்லையா?’

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது கண்ணு. என்ற வளப்பு அப்படி.

‘பொம்மிதான். இருந்தாலும் கொறை கொறைதானே’ன்னேன்.

அவ தலையாட்டினா. சரின்னுதான் தலையாட்டினா. அப்பறம் காரை எடுத்தா. வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டு, காப்பி கூடக் குடிக்கலை, போயிட்டா. அதுதான் அவ எங்கிட்டக் கடைசியாப் பேசினது. இப்ப நான் போன் பண்ணினா எடுக்கறதில்லை. மாப்பிள்ளை எடுத்தா, ‘தூங்கறா அத்தை’ம்பாரு. காலையில பதினொரு மணிக்குத் தூங்கறாளாம்.

பொம்மியை நான் எப்படிப் பாத்துக்கிட்டேன் தெரியுமா? பதினாலு நாள். கழுத்துல புனல் மாதிரி ஒண்ணைக் கட்டி உட்டாங்க, தையலை நக்காம இருக்க. உன்ற குட்டிக்கும் கட்டுவாங்க, பாவம் பாத்துக் கழட்டிராதே. அதைக் கட்டிக்கிட்டுக் கதவுல இடிச்சுக்குவா, நான் முன்னால நடந்து வழி காட்டுவேன். கஞ்சியைக் கரண்டியில எடுத்து ஊட்டினேன். மாத்திரையைக் கறித்துண்டுக்குள்ள வச்சுக் குடுத்தேன். தண்ணி படாம ஈரத்துணியில ஒடம்பைத் தொடைச்சு உட்டேன். தெனமும் தையலைப் பாத்தேன், செவந்திருக்கா, நீர் வடியுதான்னு. கட்டில்ல ஏறிக் குதிச்சிருவாளோன்னு நானே கீழ பாய் போட்டுப் படுத்தேன், எனக்கு முட்டி வலி, இருந்தாலும் படுத்தேன். டாக்டர் தையல் பிரிக்கறப்ப, ‘உங்களை மாதிரி யாரும் பாக்க மாட்டாங்கம்மா’ன்னாரு. அதையும் பூர்ணிக்குச் சொல்லச் சொல்லி எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவருகூட மட்டும் பேசறா. போன் வந்தா அவரு எந்திரிச்சு மோட்டார் ரூமுக்குப் போயிருவாரு.

போன மாசம் அவரு, பென்சன் விசயமா ஒரு வேலை, கோயமுத்தூர் போயிட்டு வரேன்னு கெளம்பினாரு. ஒரு நாள்னாரு, அஞ்சு நாள் ஆச்சு. வந்து சட்டையக் கழட்டிப் போட்டாரு. தொவைக்கறதுக்கு முந்தி பையைப் பாத்தேன். ஆஸ்பத்திரி பாஸு. நோயாளி பேரு, பூர்ணிமா ரகுநாத். கூட இருக்கறவரு பேரு, இவரு பேரு.

கேட்டேன். அவருக்கு மறைக்க வராது. திண்டாடினாரு, அப்பறம் சொன்னாரு. கருப்பையை எடுத்துட்டாங்களாம். கட்டிங்க இருந்துச்சாம், ரத்தம் நிக்காமப் போயிட்டிருந்துச்சாம், ரெண்டு வருசமா. முப்பத்தாறு வயசு கண்ணு அவளுக்கு. பொங்கலுக்கு வந்தப்பவே டாக்டர் சொல்லிட்டாங்களாம், எடுத்தாகோணும்னு. ‘உங்கிட்டச் சொல்லி அழுகத்தான் வந்திருக்கறா துளசி. அப்பறம் சொல்லலை. தள்ளிப் போட்டுட்டே வந்திருக்கறா. எங்கிட்டச் சொன்னப்பவும், அம்மாவுக்குச் சொல்லாதீங்கப்பா, என்னைப் பாக்கறப்பெல்லாம் அம்மா கொறையாத்தான் பாக்கும்னா’ன்னாரு.

நான் நாயைச் சொன்னேன்னேன். பொம்மியைச் சொன்ன வார்த்தை அதுன்னேன். பெத்த பொண்ணைச் சொல்லுவனா? எங்கிட்ட முன்னமே சொல்லியிருந்தா நான் உட்டிருப்பனா? இன்னொரு டாக்டரைப் பாத்திருப்போம். எடுக்காமலே கொணமாக்கறவங்க இருக்கறாங்க. அவரு என்னைப் பாத்துட்டு, ‘அதுக்குத்தான் சொல்லலை’ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

கூட யாரு இருந்தான்னு அப்பறம் கேட்டேன். இவரும் மாப்பிள்ளையும். அப்பறம் சம்பந்தியம்மா. அவங்கதான் கஞ்சி வச்சுக் குடுத்தாங்களாம், தலை சீவி உட்டாங்களாம். நல்ல மனுசி, கொறை சொல்ல மாட்டேன். ஆனா நான் இருக்கறேனே? நாய்க்குப் பதினாலு நாள் தரையில படுத்தவ, பெத்ததுக்குப் படுக்க மாட்டனா? நாப்பத்தஞ்சு மைல்தானே. அவ அங்க தையல் போட்டுப் படுத்திருக்கறா, நான் இங்க பொம்மிக்குக் காது தொடைச்சுட்டிருந்திருக்கறேன்.

நான் போறேன்னு துணியெல்லாம் எடுத்து வச்சேன். இவரு போன் பண்ணிக் கேட்டாரு. மோட்டார் ரூமுல இருந்து வந்து, ‘இப்ப வேண்டாங்கறா’ன்னாரு. அப்பறம் தயங்கித் தயங்கி, ‘பொம்மியை அனுப்பி உடச் சொல்றா’ன்னாரு. இனிமேல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லையாம், வைத்தியமெல்லாம் முடிஞ்சுதாம், வீட்டுலதான் இருப்பாளாம், நாயைக் கீழ மாப்பிள்ளை கூட்டிட்டுப் போயிக்குவாராம். நாய் கூட இருந்தா நல்லாருக்கும்னாளாம்.

நாயைக் கேட்டிருக்கறா. அவ நாய்தானே, நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? நாளைக்குக் காலையில இவரு கார் வச்சுக் கூட்டிட்டுப் போறாரு. வெறிநாய்த் தடுப்பூசி தேதி வந்துருச்சு, போட்டு அனுப்பினா அவளுக்கு அலைச்சல் இல்லை. அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். ஏ பொம்மி, ஆட்டைப் பாத்துக் கொலைக்காதே. படு.

பேனா வச்சிருக்கறயே கண்ணு, ஒரு உதவி பண்ணு. இந்தா, இது ஊசி போடற புஸ்தகம், இதுக்குப் பின்னால வெறும் பக்கம் ஒண்ணு இருக்குது. நான் சொல்றதை எழுதிக் குடு. நான் எழுதினா என்ற எழுத்து அவளுக்குத் தெரிஞ்சு போகும்.

காதை வாரம் ஒருக்கா பஞ்சுல தொடைக்கோணும். உள்ள ஈரம் நின்னா நாத்தமடிக்கும், தலையை ஒதறிட்டே இருப்பா. காலிடுக்குல, காதுக்குப் பின்னால உண்ணி இருக்குதான்னு தெனமும் தடவிப் பாக்கோணும். உண்ணிக் காய்ச்சல் வந்தா ஈறு வெளுத்துப் போகும், சில சமயம் மூக்குல ரத்தம் வரும். காய்ச்சல்னு நம்ம மாத்திரையைக் குடுத்துரக் கூடாது, நாய்க்கு அது வெசம். சாக்லேட் கூடாது, திராட்சை கூடாது, வெங்காயம் போட்ட கொழம்பு கூடாது. சோறு ரெண்டு வேளை, அளந்து. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெஞ்சுவா, எச்சாப் போடக் கூடாது, எடை ஏறினா முட்டி போயிரும். சாப்பிடாமப் படுத்துக்கிட்டா ஒரு நாளுக்கு மேல பாக்கக் கூடாது. வீட்டு வைத்தியம் வேண்டாம். இதைக் கொஞ்சம் பெருசா எழுது.

எழுதிட்டயா? அப்பறம், ஆபரேசன் பண்ணின ஒடம்பு. குனிஞ்சு எதையும் எடுக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு மாடிப்படி எறங்கி ஏறக் கூடாது. தண்ணிக் கொடம் தூக்கக் கூடாது.

நாய் எங்க கொடம் தூக்குதுன்னு பாக்கறயா? எழுது கண்ணு, நான் சொல்றதை அப்படியே எழுது.

துணி காயப் போடக் கைய ஒசத்தக் கூடாது. இருமல் வந்தாத் தலகாணியை வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமோணும், தையல் வலிக்காது. பூண்டைச் சுட்டுச் சாப்பிடோணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லோணும், யாருகிட்டயாச்சும். தூக்கம் வரலீன்னா பொம்மியைக் கட்டிலுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டுக்கோணும். கொறட்டை உடுவா. அதைக் கேட்டுட்டே இருந்தா தூக்கம் வந்துரும். எனக்கு வரும்.

அவ்வளவுதான். எங்க டோக்கனைக் கூப்பிடறாங்க, குடு. இல்லை இல்லை, கீழ என்ற பேரைப் போடாதே கண்ணு. போட்டா படிக்க மாட்டா.